இலவச ஊசியும் நாக்கடி மாத்திரையும்: சென்னை சேவை எப்படி?

ஊசி வழியாகப் போதை எடுப்பவர்களுக்கு சென்னையில் அரசுப் பணத்தில் இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று, தொண்டு நிறுவனங்கள் நடத்தும் டிராப்-இன் சென்டர். ஊசி, ஆணுறை, புண்ணுக்குக் கட்டு எல்லாம் அங்கே. இன்னொன்று ஓஎஸ்டி எனப்படும் மாற்று மருந்து சிகிச்சை மையம். அங்கே ஊசிக்குப் பதில் மாத்திரை. இரண்டிலும் காசு கிடையாது. விலாசம் தெரியாதவர்கள் 1097-க்குப் போன் போட்டுக் கேட்கலாம். கொடுக்கிற பொருளில் பெரிய குறை இல்லை, நேரம்தான் ஒத்துவரவில்லை.

முதலில் பொட்டலம். வழக்கமாக வருவது 2 மில்லி சிரிஞ்சும் கழற்றி மாட்டும் ஊசியும். ஊசியின் அடிப்பாக நிறத்தைப் பார்த்தால் அளவு தெரியும்: ஊதா 24 கேஜ், பழுப்பு 26. எண் ஏற ஏற ஊசி மெலியும். இந்த வகையில் ஒரு கோளாறு உண்டு. தண்டை முழுக்க அழுத்தினாலும் ஊசியும் சிரிஞ்சும் சேரும் கழுத்தில் கொஞ்சம் ரத்தம் தங்கிவிடும். சிரிஞ்சுக்குள் தங்கிய ரத்தத்தில் எச்ஐவி 42 நாள் வரையும், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் 63 நாள் வரையும் உயிரோடு இருந்ததை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். ஊசி ஒட்டியே வரும் 1 மில்லி இன்சுலின் சிரிஞ்சில் அந்தக் கழுத்து இடைவெளி கிட்டத்தட்ட இல்லை. மையத்தில் கேட்டு வாங்க வேண்டியது அதைத்தான். சிவப்பு மூடி 40 யூனிட், ஆரஞ்சு மூடி 100 யூனிட். இந்த வேலைக்கு எதுவானாலும் சரி.

ஸ்பிரிட் பஞ்சு குத்துவதற்கு முன் துடைக்க மட்டும். ஒரே திசையில் துடைத்து, காயவிட வேண்டும். குத்திய பிறகு அதையே வைத்து அழுத்தினால் ரத்தம் நிற்கத் தாமதமாகும். அதற்கு உலர்ந்த பஞ்சு. பொட்டலத்தில் உலர்ந்த பஞ்சும் தண்ணீர் ஆம்பூலும் (சுத்தத் தண்ணீர் அடைத்த சிறு குப்பி) இல்லையென்றால் அது பாதிப் பொட்டலம்தான். ஊசியைத் தனித்தனியாக வைத்துக்கொண்டு தண்ணீரையும் போதை மருந்தைக் கரைக்கும் மூடியையும் பங்கு போட்டாலே ஹெபடைடிஸ் சி வந்துவிடலாம்.

எண்ணிக்கையிலும் கஞ்சத்தனம் கூடாது. நாளைக்கு மூன்று தடவை போடுபவருக்கு வாரம் 21 வேண்டும். நரம்பு கிடைக்காமல் இரண்டு மூன்று முறை குத்துகிறவருக்கு இன்னும் கூடுதல். பழைய ஊசியை எண்ணி வாங்கிக்கொண்டு அதே அளவு புதிது தருவது கணக்குக்கு அழகு, நோயைத் தடுக்க உதவாது. திருப்பித் தரும் ஊசியை வளைக்கவோ மூடி போடவோ வேண்டாம். குத்து விழுவதே அப்போதுதான். கனமான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தால் போதும்.

சென்னையில் கொஞ்ச வருடமாக போலீஸ் செய்திகளில் அடிபடுவது டேபென்டடால் வலி மாத்திரை. அதைக் கரைத்து ஊசியில் போடுகிறார்கள். வாயில் போடச் செய்த மாத்திரையில் டால்க், செல்லுலோஸ் மாதிரி கரையாத மாவு நிறைய. பஞ்சில் வடிகட்டினாலும் நுண்துகள் தப்பித்து நுரையீரலில் போய்ப் படியும். தவறி, நரம்புக்குப் பதில் தமனியில் இறங்கினால் விரல் கறுத்து அழுகும். கை வெளுத்து, குளிர்ந்து, எரிச்சலாக வலித்தால் டிராப்-இன் சென்டருக்குப் போய் நேரத்தை வீணாக்காமல் நேராக அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

பயத்துக்கு ஒரு வார்த்தை: 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் உள்ள எச்ஐவி-எய்ட்ஸ் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, தொற்றைக் குறைக்கும் இந்த மாதிரிச் சேவை குற்றமாகாது என்கிறது. கையில் போதைப்பொருள் இருந்தால் அது வேறு வழக்கு. 1985 போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அமலில்தான் இருக்கிறது.

ஓஎஸ்டி மையத்தில் தருவது பெரும்பாலும் ப்யூப்ரெனார்ஃபின், 0.4 மற்றும் 2 மில்லிகிராம் மாத்திரைகளாக. நசுக்கி நாக்குக்கு அடியில் வைத்து, கரையும் வரை ஐந்து பத்து நிமிடம் எச்சில் விழுங்காமல், பேசாமல் உட்கார வேண்டும். விழுங்கினால் பெரும்பகுதியைக் கல்லீரலே அழித்துவிடும். முதல் நாள்தான் கண்டம். கடைசியாக பிரவுன் ஷுகர் (ஹெராயின்) எடுத்து எட்டு மணி நேரமாவது ஆகி, கொட்டாவி, மூக்கொழுகல், புல்லரிப்பு எல்லாம் நன்றாகத் தெரிந்த பிறகே முதல் மாத்திரை. அவசரப்பட்டால் போதை நின்றால் வரும் விலகல் வேதனையை மாத்திரையே கடுமையாகக் கிளப்பிவிடும். “ஒத்துக்கல” என்று போனவர் திரும்பி வரமாட்டார். அடுத்த தப்பு, குறைத்துக் கொடுத்தால் சீக்கிரம் விட்டுவிடலாம் என்ற நினைப்பு. பலருக்கு நாளைக்கு 8 மில்லிகிராமோ அதற்கு மேலோ தேவைப்படும், அதுவும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் ஓடிக்கொண்டிருந்தால் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அது இந்த மருந்தின் அளவை ரத்தத்தில் இறக்கிவிடும்.

இப்போது நேரம். தினமும் நேரில் வந்து, ஊழியர் கண்ணெதிரே சாப்பிட வேண்டும் என்பது பொது விதி. காலை ஆபீஸ் நேரத்தில் திறக்கும் கவுண்டர், நள்ளிரவில் கோயம்பேட்டில் மூட்டை இறக்கிவிட்டு விடிந்ததும் தூங்கப் போகிறவருக்கு எப்படிச் சரிப்படும்? காசிமேட்டில் படகேறுபவர் நாலு நாள் கரையிலேயே இருக்க மாட்டார். 2020 ஊரடங்கில் மாத்திரையை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப அனுமதித்தார்கள். சீராக வருகிறவர் அதைக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

பரிசோதனையில் குறை சொல்ல அதிகம் இல்லை. நம்பிக்கை மையம் எனப்படும் அரசுப் பரிசோதனை மையத்தில் எச்ஐவி சோதனை இலவசம், ரகசியம். ஹெபடைடிஸ் சி-க்கு 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் மருந்தும் இலவசம்: கல்லீரல் சுருங்காதவர்களுக்கு சோஃபோஸ்புவிர், டாக்லடாஸ்விர் 12 வாரம். ஆன்டிபாடி சோதனையோடு நிறுத்தக் கூடாது. குணமானவருக்கும் அது பாசிட்டிவ் என்றே காட்டும். வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, பார்த்தால்தான் உண்மை தெரியும்.

முழுவதும் நிறுத்த நினைப்பவர்களுக்கு அடையாறு இந்திரா நகரில், 1980-ல் தொடங்கிய டிடிகே மருத்துவமனை இருக்கிறது. எங்கே தங்கி நிறுத்தினாலும், வெளியே வந்த முதல் சில வாரம்தான் உயிருக்கு ஆபத்து. உடம்பின் தாங்கும் சக்தி இறங்கியிருக்கும்; பழைய அளவைப் போட்டால் மூச்சு நிற்கும். உதடு நீலம், குறட்டை மாதிரி மூச்சு, தட்டினாலும் எழவில்லை என்றால் 108-ஐக் கூப்பிட்டு, வாயோடு வாய் வைத்து ஐந்து விநாடிக்கு ஒரு மூச்சு கொடுக்க வேண்டும். போதையை முறிக்கும் நலோக்சோன் ஊசியின் வேலை 30 முதல் 90 நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதனால் எழுந்து உட்கார்ந்துவிட்டாரே என்று ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பக் கூடாது.