நேர்காணலுக்குப் பெண் புரோகிராமர்களைத் தேடுவது: எந்த வழியில் போனால் யார் கிடைப்பார்கள்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஹானர்ஸ் படிக்கிற நம்ம பிள்ளைகள், பெண் புரோகிராமர்களிடம் நேர்காணல் எடுத்துச் செய்யும் ஆய்வைக் கையில் எடுத்ததும் என்னிடம் கேட்பது "அக்கா, ஆட்களை எங்கே பிடிப்பது?" என்பதுதான். பதினோரு பெண்களிடம் பேசி என் ஆய்வை முடித்தேன், அதற்குள் நான்கு வழிகளிலும் இறங்கிப் பார்த்துவிட்டேன். எண்ணிக்கையை நினைத்துப் பயப்பட வேண்டாம். கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் மூவரும் கானா, நைஜீரியாப் பெண்கள் 60 பேரின் நேர்காணல்களை அலசி, முதல் 12-க்குள்ளேயே புதுக் கருத்து வருவது ஏறக்குறைய நின்றுவிட்டது என்று 2006-ல் எழுதினார்கள். ஆய்வு வழிகாட்டிகள் பலரும் அந்த 12-ஐத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் அது ஓரளவு ஒரே மாதிரியான ஆட்களிடம் எடுத்தது. நாம் தேடும் பெண்கள் அப்படி இல்லை, அதனால் எந்தப் பன்னிரண்டு பேர் என்பதுதான் கேள்வி.

எல்லாரும் முதலில் செய்வது புரோகிராமர் குழுக்களில் அறிவிப்புப் போடுவது. குழு நடத்துகிறவரிடம் கேட்கீப்பர் கடிதம் (அங்கே ஆட்களைக் கேட்க அவர் தரும் அனுமதி) வாங்கி, ஸ்லாக் என்ற அரட்டை ஆப்பிலோ வாட்ஸ்அப்பிலோ ஒரு படத்தோடு போட்டால் அன்றைக்கே நாலு பேர் பதில் எழுதுவார்கள். சுலபம்தான். ஆனால் பதில் எழுதுகிறவர்கள் ஏற்கனவே மேடையில் பேசுகிறவர்கள், குழுவை நடத்துகிறவர்கள், பல நேர்காணல் கொடுத்துப் பழகியவர்கள். "பெண் புரோகிராமர்கள் தேவை" என்று போட்டிருந்தேன். அதைப் பார்த்த, மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர் ஒருவர், 'நான் புரோகிராமர் இல்லையே' என்று நினைத்து ஒதுங்கிவிட்டதாகப் பின்னால் சொன்னார். பைதான் என்ற கணினி மொழியில் தினமும் ஸ்கிரிப்ட் எழுதுகிறவர் அவர்! அப்புறம் "எப்போதாவது கோட் எழுதிய, இப்போது எழுதாமல் விட்டுவிட்ட பெண்களும் வரலாம்" என்று மாற்றினேன், வேறு மாதிரி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். இன்னொன்று, ஆகஸ்டில் போடாதீர்கள். 1956 ஆகஸ்ட் 9 அன்று பிரிட்டோரியாவில் பெண்கள் நடத்திய ஊர்வலத்தின் நினைவாக இங்கே அந்த மாதம் முழுக்கப் பெண்கள் மாதம். எல்லா அலுவலகமும் அதே நாலு பெண்களை மேடைக்கு இழுக்கும், நம் அறிவிப்பு அந்தக் கூட்டத்தில் காணாமல் போகும்.

இரண்டாவது வழி, புரோகிராமர்கள் தங்கள் கோட் போட்டுவைக்கும் கிட்ஹப் தளத்தில் ப்ரொஃபைல்களைத் துழாவி நேரடியாக மெயில் அனுப்புவது. இதை நான் வேண்டாம் என்றே சொல்வேன். 2017-ல் கிட்ஹப் நடத்திய ஓப்பன் சோர்ஸ் (யாரும் கோட் பார்த்து மாற்றக்கூடிய மென்பொருள்) சர்வேயில் பதில் சொன்ன 5,500 பேரில் பெண்கள் 3 சதவீதம்தான். இவ்வளவு குறைவாக இருப்பதால் தேடித்தேடிப் பிடிக்கலாம் என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. பெயரையும் போட்டோவையும் பார்த்துத்தானே பெண் என்று முடிவு செய்வோம்? அங்கேதான் தப்பு நடக்கிறது. புல் ரிக்வெஸ்ட்களை, அதாவது தன் கோட் சேர்க்கப்பட வேண்டும் என்று அனுப்பும் வேண்டுகோள்களை, ஆராய்ந்து 2017-ல் வெளியான ஒரு ஆய்வில், ப்ராஜெக்ட்டுக்கு வெளியிலிருந்து பங்களிக்கும் பெண்களின் கோட், அவர்கள் பெண் என்று தெரியாதபோது ஆண்களுடையதைவிட அதிகம் ஏற்கப்பட்டது, தெரிந்தபோது அந்த அளவு குறைந்தது. என்னிடம் பேசியவர்களில் இரண்டு பேர் முதலெழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு, படத்துக்குப் பதில் ஒரு பூவையோ பூனையையோ போட்டிருந்தார்கள். பெயரை வைத்துத் தேடியிருந்தால் அந்த இரண்டு பேரும் எனக்குக் கிடைத்திருக்கவே மாட்டார்கள், மறைக்க வேண்டியிருந்த கதையும் கிடைத்திருக்காது. தவிர, அங்கே எடுத்த முகவரிக்குக் கேட்காத மெயில் அனுப்பக் கூடாது என்பது கிட்ஹப்பின் விதி. இங்கே 2021 ஜூலையிலிருந்து தனிநபர் தகவலைப் பாதுகாக்கும் போப்பியா சட்டமும் முழுதாகப் பிடிக்கிறது. அதே 2021-ல் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலை எழுதுகிறவர்களுக்குச் சொல்லாமலே அவர்களை வைத்துச் சோதனை செய்த விவகாரத்தில் அந்தப் பல்கலைக்கழகமே கெர்னலுக்குக் கோட் அனுப்பத் தடை செய்யப்பட்டது. ஆய்வு மாணவர் என்றாலே சந்தேகமாகப் பார்க்கிற ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் மேல் தப்பில்லை.

புரோகிராமர்கள் கூடிப் பேசும் மீட்டப்புக்கு நேரில் போவது மூன்றாவது வழி, மெதுவான வழி. பைதான் எழுதும் பெண்களின் பைலேடீஸ் 2011-லிருந்தும், ஆர் என்ற கணினி மொழி எழுதும் பெண்களின் ஆர்-லேடீஸ் 2012-லிருந்தும் உலகம் முழுக்கக் கிளை விட்டவை, இங்கே நடக்கும் பைதான் மாநாடான பைகான் ஸெட்ஏ 2012-லிருந்து நடக்கிறது, ஆகவே போக இடம் உண்டு. முதல் தடவை போனதும் ஒப்புதல் படிவத்தை நீட்டாதீர்கள். நான் மூன்று கூட்டம் சும்மா போய் உட்கார்ந்தேன். மூன்றாவது கூட்டத்தன்று, டர்பனுக்கு வடக்கே உள்ள உம்லாங்காவில், கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் அடுக்கிக்கொண்டிருந்த பெண் "நீ என்ன படிக்கிறாய்?" என்று தானாகக் கேட்டார். சொன்னேன். கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு, அதிலேயே உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பேசினார். அந்த முக்கால் மணி நேரத்தை ஆய்வில் சேர்க்க முடியாது, ஒப்புதல் வாங்கவில்லையே. அடுத்த வாரம் முறைப்படி மறுபடி பேசினோம். இந்த வழியின் குறை நேரம். கூட்டங்கள் மாலை ஆறு மணிக்கு மேல்தான் தொடங்குகின்றன, நம்ம ஆட்கள் அதிகம் இருக்கும் சாட்ஸ்வர்த்திலிருந்து உம்லாங்காவுக்கு டவுனில் இறங்கி வேறு மினிபஸ் டாக்சி பிடிக்க வேண்டும், ராத்திரி ஒன்பது மணிக்குத் திரும்பி வர ஒரு பெண்ணுக்கு என்ன வழி? ஆகவே கார் உள்ளவர்கள், வீட்டில் சின்னக் குழந்தை இல்லாதவர்கள்தான் அங்கே இருப்பார்கள்.

அப்படியானால் வராதவர்களை, விட்டுவிட்டுப் போனவர்களை எப்படிப் பிடிப்பது? அதற்கு எனக்குத் தெரிந்து ஒருவர் சொல்லி ஒருவர் வரும் பனிப்பந்து முறைதான் உதவும். 1961-லேயே புள்ளியியலாளர் லியோ குட்மன் இதைப் பற்றி எழுதியிருக்கிறார், புதுசு ஒன்றும் இல்லை. ஒருவரிடம் இன்னொருவரின் நம்பரைக் கேட்டு வாங்கக் கூடாது. உங்கள் நம்பர் உள்ள சின்னக் குறிப்பை அவர் அனுப்பட்டும், விருப்பம் இருந்தால் அந்தப் பெண் கூப்பிடட்டும். ஒருவர் வழியாக இரண்டு பேருக்கு மேல் எடுக்காதீர்கள், இல்லாவிட்டால் ஒரே அலுவலகத்துத் தோழிகளின் கதையாகிவிடும். டர்பன் சின்ன ஊர் வேறு. "எனக்கு முன்னாடி பேசினாங்களே, அந்த அக்கா மேனேஜரைப் பற்றி என்ன சொன்னாங்க?" என்று ஒருவர் என்னிடமே கேட்டார். அவங்க பேசினாங்களா இல்லையா என்றுகூட நான் சொல்ல முடியாது என்றேன். அதற்கப்புறம்தான் அவர் மனம் விட்டுப் பேசினார்.

கோயிலும் சொந்தக்காரர்களும் இதே சங்கிலியின் இன்னொரு முனை. இங்கே போரிட்ஜ் பிரேயர் என்று சொல்லும் ஆடிக் கூழுக்கு மாரியம்மன் கோயிலில் வரிசையில் நின்றபோது, ஒரு ஆன்ட்டி தன் அக்கா மகள் ஜாவாவில் கோட் எழுதிக்கொண்டிருந்து விட்டுவிட்டதாகச் சொன்னார். உடனே போனை எடுத்து, "ஒரு பொண்ணு உன்கிட்ட பேசணுமாம், பேசு" என்று கூப்பிடப் போனார். நிறுத்தச் சொன்னேன். சின்னம்மா சொன்னால் அந்தப் பெண் எப்படி மறுப்பாள்? அது ஒப்புதலே இல்லை. குறிப்பை மட்டும் அனுப்பச் சொல்லிவிட்டு வந்தேன்.

நான் தொடங்குவதாக இருந்தால் மீட்டப்பில் தொடங்கி, அங்கே பழகியவர்கள் வழியாக வராதவர்களிடம் போவேன், மாற்றி எழுதிய அறிவிப்பைத் துணைக்கு வைத்துக்கொள்வேன். மூன்றையும் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவுக்கான விண்ணப்பத்தில் முதலிலேயே எழுதிவிடுங்கள், நடுவில் வழியை மாற்றினால் திரும்ப அனுமதி வாங்க வாரக்கணக்கில் ஆகும். பேசுகிறவரின் போன் டேட்டாவுக்கு நீங்கள் பணம் கொடுப்பதையும் அதிலேயே சேருங்கள்.

கூழ் வரிசை ஆன்ட்டியின் அக்கா மகள் ஐந்து வாரம் கழித்துத் தானாகக் கூப்பிட்டார். பள்ளி விடும் நேரம், வாசலில் காரை நிறுத்திக் குழந்தைக்காகக் காத்திருந்தார். "மணி அடிக்க இருபத்தைந்து நிமிஷம் இருக்கு, போதுமா?" என்று கேட்டார். மீதியை மறுநாள் அதே நேரத்தில் அதே இடத்திலிருந்து பேசினார், அடுத்த நாளும்.