இரண்டு வகுப்புக்கு ஒரு டீச்சர்: சின்னப் பள்ளியில் சில வருடங்கள்

சின்ன கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளி ஒன்றில் பையனைச் சேர்க்கலாமா என்று தோழி ஒருத்தி கேட்டாள். என் மகன் அப்படியொரு பள்ளியில் முதல் வகுப்பிலிருந்து படித்து இப்போது நான்காவதில் இருக்கிறான். சீருடை, ஒழுக்கம், காலை ஜெபம், கண்டிப்பான சிஸ்டர் எல்லாம் எல்லோரும் அறிந்ததுதான், அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நாங்கள் கத்தோலிக்கர் இல்லை, அதனால் ஒரு சங்கடமும் வந்ததில்லை. எனக்கு எழுதத் தோன்றுவது ஒரே விஷயத்தைப் பற்றித்தான்: கூட்டு வகுப்பு.

பிள்ளைகள் குறைவு என்பதால் ஒன்றும் இரண்டும் ஓர் அறை, மூன்றும் நான்கும் ஓர் அறை. இரண்டுக்கும் ஒரே டீச்சர். ஒரு பக்கம் பாடம் நடக்கும்போது மறுபக்கம் தாமாக ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும். சேர்க்கும்போது இதை மறைப்பதில்லை, சொல்லத்தான் செய்கிறார்கள். ஆனால் "நாங்கள் ஒரு குடும்பம்" என்ற பேச்சோடு சேர்த்துச் சொல்வதால் நமக்கு அது உறைப்பதில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அது நிஜமாகவே நல்லது. சொல்வதெழுதுதல் நடக்கும் விதத்தைப் பாருங்கள். டீச்சர் மூன்றாம் வகுப்புக்கு ஒரு சொல் சொல்வார். அவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போதே திரும்பி நான்காம் வகுப்புக்கு ஒரு சொல். மறுபடி மூன்று, மறுபடி நான்கு. மூன்றில் இருந்தபோது என் மகன் தன் பட்டியலை எழுதி முடித்து, நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான்காம் வகுப்புச் சொற்களையும் திருட்டுத்தனமாக எழுதி வைத்திருந்தான். யாரும் திருத்தப்போவதில்லை, மதிப்பெண்ணும் கிடையாது. பெரிய வகுப்புப் பிள்ளைகளின் பாடம் காதில் விழுகிறதே என்ற ஆசைதான். இந்த ஆசையை எந்த டியூஷனும் உண்டாக்காது.

முதல் நற்கருணைத் தயாரிப்பிலும் இதே கதை. முதல் நற்கருணை என்பது கோயில் வழிபாடான திருப்பலியில் பிள்ளைகள் முதன்முறையாகப் புனித அப்பம் வாங்குவது. கத்தோலிக்கப் பிள்ளைகள் பல ஊர்களில் இரண்டாம் வகுப்பிலேயே அதை வாங்குவதற்குக் காரணம் 1910இல் பத்தாம் பயஸ் பாப்பரசர் வெளியிட்ட ஆணை. அதற்கு முன் பல இடங்களில் பத்துப் பன்னிரண்டு வயதுவரை காக்க வைத்தார்கள். விவரம் தெரியும் வயது போதும், அது சுமார் ஏழு, என்றார் அவர். அதனால் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் தயாராகும்போது அதே அறையில் ஒன்றாம் வகுப்பும் உட்கார்ந்திருக்கிறது. இடது கை மேலே, வலது கை கீழே, "கிறிஸ்துவின் உடல்" என்றதும் "ஆமென்", அப்புறம்தான் அப்பம் கையில் என்று அவர்கள் பழகுவதை இந்தப் பொடிசுகள் வாய் பிளந்து பார்க்கும். ஒத்திகைக்குக் கொடுப்பது குருவானவர் ஜெபித்து அர்ச்சிக்காத வெறும் அப்பம். ருசியே இல்லாத அதை வாயில் வைத்ததும் போகிற முகங்களை என் மகன் வீட்டில் நடித்துக் காட்டினான். ஆறு வயதில் அவனுக்குத் திருப்பலியின் வரிசை மனப்பாடம், அவனுக்கென்று யாரும் சொல்லித் தராமலேயே.

அந்த அறையில் ஒரு மூலை உண்டு. மரத்தில் செய்த குட்டிப் பீடம், குட்டிக் கிண்ணம், தட்டு, ஓர் ஆட்டுக்கொட்டில், ஒரு மேய்ப்பர், சில ஆடுகள். நல்லாயன் மறைக்கல்வி என்கிறார்கள். 1954இல் ரோமில் சோஃபியா கவல்லெத்தி என்ற விவிலிய அறிஞரும் ஜியான்னா கோபி என்ற மாண்டிசோரி முறை ஆசிரியையும் தொடங்கிய முறை. நல்ல மேய்ப்பரைப் பற்றி இயேசு சொன்ன உவமையை டீச்சர் ஒருமுறை மெதுவாக வாசித்து ஆடுகளை நகர்த்திக் காட்டுவார், அவ்வளவுதான். அப்புறம் பிள்ளைகள் தாங்களாகவே எடுத்து விளையாடலாம், யோசிக்கலாம், சும்மா பார்த்துக்கொண்டும் இருக்கலாம். டீச்சர் அந்தப் பக்கம் திரும்பிவிட்டாலும் இந்த மூலை சும்மா கிடக்காது. மறுபக்கத்துப் பாடத்துக்கும் தொந்தரவில்லை. கூட்டு வகுப்பு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் நினைத்தது அங்கேதான்.

இனி கணக்குக்கு வருகிறேன். எரிச்சலே இங்கேதான்.

மூன்றாம் வகுப்பில் அந்த அறையில் ஒரு விதி: டீச்சரிடம் வருவதற்கு முன் மூன்று நண்பர்களிடம் கேள். கேட்க அழகாக இருக்கிறது. 52இல் 38 போனால் எவ்வளவு? என் மகன் 26 என்று போட்டிருந்தான். எப்படி வந்தது என்று பார்த்தால், ஒன்றுகள் இடத்தில் 2இலிருந்து 8ஐக் கழிக்க முடியாது, கடன் வாங்க வேண்டும். அவனோ எது பெரிய எண்ணோ அதிலிருந்து சின்னதைக் கழித்து 6 என்று எழுதிவிட்டான். 5இல் 3 போனால் 2. ஆக 26. இந்த வயதில் ஏகப்பட்ட பிள்ளைகள் செய்யும் தவறுதான், அதில் ஒன்றுமில்லை. ஆனால் அவன் விதியை மீறாமல் மூன்று பேரிடம் கேட்டிருக்கிறான். அவர்களுக்கும் 26. டீச்சர் அப்போது நான்காம் வகுப்புக்குப் பின்னங்கள் நடத்திக்கொண்டிருந்தார். பக்கம் முழுக்க ஒரே மாதிரி தப்பு, ஒவ்வொன்றையும் மிகுந்த தன்னம்பிக்கையோடு எழுதியிருந்தான். அன்று திருத்த நேரமில்லை. மறுநாள் அதே முறையில் இன்னொரு பக்கம். பழகிப்போன தப்பை அழித்து எழுத வைக்க வீட்டில் நாங்கள் பட்ட பாடு சொல்லி மாளாது.

பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்னால் தலைமையாசிரியை, அந்த மாண்டிசோரி முறையை உருவாக்கிய இத்தாலியக் கல்வியாளர் மாண்டிசோரி அம்மையாரைத் துணைக்கு அழைப்பார். 1907இல் ரோமில் தொடங்கிய அவருடைய குழந்தைகள் இல்லத்திலேயே வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒன்றாகத்தான் இருந்தார்கள், அவரும் கத்தோலிக்கர்தானே என்பார். சரி, மறுக்கவில்லை. ஆனால் மாண்டிசோரியின் சாமான்களை ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்கட்டும். மரக்கட்டையில் வெவ்வேறு அளவுக் குழிகள், அவற்றுக்கேற்ற உருளைகள். ஒன்றைத் தப்பான குழியில் போட்டால் கடைசி உருளைக்கு இடம் பொருந்தாது. எங்கோ தவறிவிட்டது என்று கட்டையே குழந்தைக்குச் சொல்லிவிடும், டீச்சர் எட்டிப் பார்க்கத் தேவையில்லை. ஜெராக்ஸ் எடுத்த ஒர்க்ஷீட் அப்படிச் சொல்லுமா? 26 என்று எழுதினாலும் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்ளும். அந்த அம்மையாரிடமிருந்து வயதுக் கலப்பை மட்டும் எடுத்துக்கொண்டு சாமான்களை விட்டுவிட்டார்கள். ஆட்டுக்கொட்டிலுக்குக் காட்டிய அக்கறையில் பாதியைக் கழித்தலுக்குக் காட்டியிருந்தால் நான் இதை எழுதவே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

அடுத்த எரிச்சல் பாடச் சுழற்சி. கணக்கு படிப்படியாகப் போவது, அதை மாற்ற முடியாது. ஆனால் அறிவியலையும் சமூக அறிவியலையும் இரு வகுப்புக்கும் தனித்தனியாக நடத்த நேரம் போதாது. அதனால் ஒரு வருடம் மூன்றாம் வகுப்புப் பாடம் இருவருக்கும், மறுவருடம் நான்காம் வகுப்புப் பாடம் இருவருக்கும். எந்த வருடம் உள்ளே நுழைகிறீர்கள் என்பது அவரவர் அதிர்ஷ்டம். என் மகன் உணவுச் சங்கிலியை மூன்றில் தட்டுத் தடுமாறிப் படித்து, செடியின் பாகங்களை நான்கில் கொட்டாவி விட்டுக்கொண்டே வரைகிறான்.

1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், அதாவது உலகக் கத்தோலிக்க ஆயர்களின் பேரவை, வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, பிள்ளைகளுக்குப் பெற்றோரே முதன்மையான கல்வியாளர்கள் என்கிறது. பள்ளிக் கூட்டங்களில் தவறாமல் எடுத்துச் சொல்கிறார்கள். கழித்தல் கணக்கு விஷயத்தில் எங்கள் வீட்டில் அது எழுத்துப் பிசகாமல் நடந்தது.

விழாக்கள், கைவேலைகள் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. நவம்பர் 1 அன்று புனிதர் வேடம், கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்துக்கு நான்கு மெழுகுவத்தி வளையம், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் சிலுவைப் பாதையின் 14 நிலைகளை ஆளுக்கொன்றாக வரைவது என்று வருடம் முழுக்க ஓடும். பசையும் கத்தரிக்கோலும் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் பிள்ளைகள் குறைவு என்பதால் யாரும் பின்வரிசையில் ஒளிய முடியாது. கத்தோலிக்கப் பிள்ளைகள் முறை வைத்துத் திருப்பலியில் வாசகம் வாசிக்கிறார்கள், என் மகனைப் போன்றவர்கள் நாடகத்திலும் பாட்டிலும் முன்னால் நிற்கிறார்கள். கூச்சத்தில் என் முந்தானைக்குப் பின்னால் நின்றவன் இன்று ஒலிபெருக்கியைத் தானே சரிசெய்துகொண்டு பேசுகிறான். இதற்காக அந்தப் பள்ளிக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

அப்படியானால் சேர்க்கலாமா? இன்றைக்குக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அடுத்த வருடத்துக்கு மூன்று வகுப்புகளை ஒரே அறையில் சேர்க்கப்போவதாகச் சுற்றறிக்கை வந்திருக்கிறது, கோபம் இன்னும் ஆறவில்லை. மேலே புகழ்ந்தது எதையும் திரும்பப் பெறவில்லை. ஆனால் வாய்விட்டுக் கேட்கத் தெரியாத பிள்ளை என்றால் அந்த அறையில் வாரக்கணக்கில் தப்பாகவே போட்டுக்கொண்டிருக்கும், ஒருவருக்கும் தெரியாது. என் தோழியின் மகன் அந்த ரகம்.

அதையும் மீறிச் சேர்ப்பதென்றால், நேரில் போய் வகுப்பை ஒரு முழு வேளை உட்கார்ந்து பாருங்கள். டீச்சரைப் பார்க்காதீர்கள், டீச்சர் முதுகு காட்டும் பக்கம் என்ன நடக்கிறது என்று பாருங்கள். சுழற்சியில் எந்த வருடம் வருகிறது என்று கேளுங்கள். கணக்கு நேரத்துக்காவது இன்னோர் ஆளை வைத்து வகுப்பைப் பிரிப்பார்களா என்று கேளுங்கள். "அதெல்லாம் சமாளித்துக்கொள்வோம்" என்று பதில் வந்தால் விண்ணப்பப் படிவத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம்.