பால்வெட்டும் நாலு ஆப்பும்

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு முந்நூறு ரப்பர் மரம் உண்டு. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்கினால் ஏழு மணிக்குள் வெட்டு, அதாவது பால் வடிய மரப்பட்டையைச் சீவுகிற வேலை, முடியும். அப்புறம் பால் எடுத்து, ஆசிட் ஊற்றி உறைய வைத்து, ரப்பர் ஷீட் அடித்து முடிக்கும்போது மத்தியானம் ஆகிவிடும். அதற்கு மேல் என் நேரம். அந்த நேரத்தைத்தான் 2021 நவம்பரிலிருந்து யூடியூப், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் என்று நாலு ஆப்புக்குப் பங்கு வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்றைய நிலவரம்: யூடியூபில் 6,800 பேர், இன்ஸ்டாகிராமில் 11,300, ஃபேஸ்புக் பக்கத்தில் 4,100, வாட்ஸ்அப் சேனலில் 370. லட்சக்கணக்கில் வைத்திருப்பவர்கள் இதைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். ஆயிரத்தைத் தாண்டவே நாக்குத் தள்ளுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

தொடங்கியது மழையால். எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மரத்துக்கு மழைப் பாவாடை (வெட்டு நனையாமல் மேலே கட்டும் பிளாஸ்டிக் மறைப்பு) கட்டாதவன் ஜூனிலும் அக்டோபர், நவம்பரிலும் வீட்டில்தான் உட்கார வேண்டும். 2021 நவம்பரில் மாவட்டமே வெள்ளத்தில் கிடந்தது. கையில் ஒரு 14,000 ரூபாய் போன். மழைப் பாவாடை எப்படிக் கட்டுவது என்று 14 நிமிடம் பேசி, யூடியூபில் ஏற்றினேன். 43 பேர் பார்த்தார்கள், அதில் பாதி சொந்தக்காரர்கள். மீதிப் பாதிக்கு நான் பேசியதே கேட்டிருக்காது, அவ்வளவு காற்று. அம்மை (எங்கள் ஊரில் அம்மாவை இப்படித்தான் சொல்வோம்) மாட்டுத் தொழுத்தில் நின்று கத்தியதுதான் தெளிவாகப் பதிவாகியிருந்தது. “ஏல மக்கா, அந்தக் குந்திராண்டத்த வச்சிட்டு மாட்டுக்கு வெள்ளம் காட்டு!” குந்திராண்டம் என்றது போனை. வெள்ளம் என்றால் எங்கள் ஊரில் தண்ணீர்.

கருவி பற்றி நிறையப் பேர் கேட்பதால் ஒரு வரி: பஞ்சு மூடி போட்ட 900 ரூபாய் மைக் வாங்கியதுதான் உருப்படியான செலவு. ஸ்டாண்ட் வாங்கவில்லை. பழைய டயர் டியூபை வார் வாராக அறுத்து போனை மரத்தோடு கட்டிவிடுகிறேன். எந்தக் காற்றுக்கும் அசையாது.

முதல் எட்டு மாதம் நான் செய்தது முழு முட்டாள்தனம். ஓர் ஆப்பில் போட்டதை அங்கிருந்தே இறக்கி, அதன் முத்திரையோடு மற்ற மூன்றிலும் போட்டேன். ஒரே உழைப்பில் நாலு அறுவடை என்று நினைப்பு. மற்ற ஆப்களின் முத்திரை தெரிகிற ரீல்களைப் புதியவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டோம் என்று இன்ஸ்டாகிராம் 2021லேயே சொல்லியிருந்தது. நான் படிக்கவில்லை. இப்போது எடிட் முடிந்ததும் முத்திரையே இல்லாத ஒரு பிரதியைப் போனில் வைத்துக்கொண்டு, அதிலிருந்துதான் எல்லா இடத்துக்கும் கொடுக்கிறேன். அந்தப் பிரதி இன்னொரு நாளும் உதவியது. ஒரு பெரிய பக்கம் என் வீடியோவை எடுத்து, ஏதோ வெளிநாட்டுத் தோட்டம் என்று தலைப்புப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தது. காப்புரிமைப் புகார் படிவத்தில் என் பழைய பதிவின் இணைப்பைக் கொடுத்தேன், ஒரு வாரத்தில் தூக்கிவிட்டார்கள். அதற்குள் அவர்களுக்குக் கிடைத்த பார்வை எனக்கு ஒரு வருஷத்தில் கிடைத்ததைவிட அதிகம். சரி, போகட்டும்.

அவர்கள் எடுத்தது எந்த வீடியோ தெரியுமா? 38 வினாடி, பேச்சே கிடையாது. கத்தி பட்டையில் இறங்கும்போது சுருளாக ஒரு சீவல் விழும், ஒரு நாணயத்தின் கனம்கூட இருக்காது. சீவிய கோட்டில் முதலில் புள்ளி புள்ளியாகப் பால் கசியும். புள்ளிகள் ஒன்றுசேர்ந்து கோடாகி, சரிவில் இறங்கி, தகரத் துண்டில் ஏறித் திரும்பி, சிரட்டையில் முதல் சொட்டு விழும்போது டொப்பென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். 2022 டிசம்பரில் போட்டேன். இன்ஸ்டாகிராமில் நாலு லட்சத்தைத் தாண்டியது. யூடியூபின் குட்டி வீடியோ வரிசையான ஷார்ட்ஸிலும் நன்றாக ஓடியது. ஊரில் எல்லோரும் நான் பணக்காரனாகிவிட்டேன் என்று முடிவு கட்டினார்கள்.

எனக்கே அந்த நினைப்பு இருந்ததால்தான் யூடியூபின் விதியை ஒழுங்காகப் படித்தேன். விளம்பரப் பங்கு வேண்டுமென்றால் 1,000 சந்தாதாரர்கள் வேண்டும், அதோடு 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையோ 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வையோ வேண்டும். ஷார்ட்ஸ் வரிசையில் யாராவது தள்ளித் தள்ளிப் பார்க்கும் நேரம் அந்த 4,000 மணியில் சேராது. என் சிரட்டை வீடியோ சந்தாதாரர்களைக் கொண்டுவந்தது, மணிக்கணக்கில் ஒரு நிமிடம்கூடக் கூட்டவில்லை. 2023இல் 500 பேர், 3,000 மணி என்று கீழே ஒரு படி வைத்தார்கள். அதில் ஏறினால் பார்ப்பவர்கள் விரும்பிக் கொடுக்கும் பணம் கிடைக்கும், விளம்பரப் பங்கு கிடையாது.

மணிக்கணக்கைக் கூட்டியது, ஓடாது என்று நானே நினைத்த ஒரு வீடியோ. வெட்டிலிருந்து ஷீட் காய்வது வரை 22 நிமிடம், குமரி மாவட்டப் பேச்சை மாற்றாமல் அப்படியே பேசியிருந்தேன். முதல் மாதம் 300 பார்வை. மூன்றாவது மாதம் திடீரென்று மலேசியாவிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தமிழர்கள். நான் சிரட்டை என்றதை அவர்கள் மங்கு என்றார்கள். ஓர் அம்மா எழுதியிருந்தார்: “பள்ளிக்கூடம் போகுமுன் அம்மாவோடு மங்கு துடைக்கப் போவேன். நீங்கள் வெட்டும் சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.” 22 நிமிடத்தையும் இருந்து பார்ப்பவர்கள் இவர்கள்தான். சிலர் இரண்டு முறை. 2024 மார்ச்சில் 4,000 மணி தாண்டியது. தொடங்கி ஏறத்தாழ இரண்டரை வருஷம்.

அதிலிருந்து எனக்கு ஒன்று புரிந்தது. வீடியோ ஒன்றுதான் என்றாலும் ஒவ்வொரு இடத்திலும் வந்து நிற்கிற ஆள் வேறு. இன்ஸ்டாகிராமில் இருப்பவர்களுக்குப் பால் போதும், நான் வேண்டாம். வாயைத் திறந்தால் தள்ளிவிடுவார்கள். 2025 ஜனவரியில் அதன் தலைவர் ஆடம் மொசெரி, பார்க்கும் நேரம், லைக், அடுத்தவருக்கு அனுப்புவது என்ற மூன்றும்தான் முக்கியம் என்றார். என் அனுபவத்தில் அனுப்பப்படுவது பேச்சில்லாத வீடியோ மட்டும்தான்.

ஃபேஸ்புக்கில் வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்கள். அவர்களுக்குப் பாலும் வேண்டாம், நானும் வேண்டாம், பின்னால் தெரிகிற ரோடுதான் வேண்டும். “இது பொன்மனை போற வழியா?”, “திற்பரப்பு அருவியில வெள்ளம் விழுதா?” என்று கேட்பார்கள். ஒரு முறை வீடியோவில் ஓர் ஓரமாகத் தெரிந்த சாயாக்கடையைப் பார்த்துவிட்டு நாற்பது பேர் பேசினார்கள், கத்தியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அதனால் ஃபேஸ்புக்குக்கு வெட்டும்போது தோட்டத்துக்குப் போகிற வழியையும் முப்பது வினாடி சேர்த்துவிடுகிறேன். வெள்ளிக்கிழமை காலையில் போடுவேன், சவூதி, குவைத், கத்தார்க்காரர்களுக்கு அன்று விடுமுறை.

இப்படி ஆள் பிரிந்து கிடப்பது தெரிந்த பிறகும் ஒரு தப்புச் செய்தேன். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தை 2024 டிசம்பர் 30இல் திறந்தார்கள். மாவட்டத்தில் போன் வைத்திருந்த அத்தனை பேரும் அதை எடுத்தார்கள். நானும் ஜனவரியில் போய், வரிசையில் நின்று, காலுக்குக் கீழே கடல் தெரிய ஒரு ரீல் எடுத்தேன். ஒரே வாரத்தில் இன்ஸ்டாகிராமில் 2,600 பேர் சேர்ந்தார்கள். வீட்டில் பாயசம்கூட வைத்தோம். அடுத்து நான் போட்ட பால்வெட்டு ரீலை இந்த 2,600 பேரும் பார்த்த மாத்திரத்தில் தள்ளினார்கள். நம் சொந்த ஆட்களே தள்ளுகிற வீடியோவைப் புது ஆளுக்கு எவன் காட்டுவான்? பார்வை மூன்றில் ஒன்றாக இறங்கியது, பழைய நிலைக்கு வர ஏறத்தாழ ஐந்து மாதம். படகு டிக்கெட் எவ்வளவு, ரூம் எங்கே கிடைக்கும் என்று இன்னும் என்னிடம் கேட்கிறார்கள்.

“தினமும் போடு, தன்னால் வளரும்” என்கிற உபதேசத்தையும் 90 நாள் கடைப்பிடித்தேன். அறுபதாவது நாளில் காமிராவுக்காக மரத்தை வெட்டுகிற நிலை வந்தது, கத்தி ஆழமாகப் போய் இரண்டு மரத்தில் காயம். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் பார்த்துவிட்டு, “மரத்தயே ஒண்ணு விட்டு ஒரு நாள்தான வெட்டுதோம், ஒனக்கு எதுக்குலே தெனமும்?” என்றார். தினமும் வெட்டினால் பட்டமரப்பு வந்து பால் நின்றுவிடும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இப்போது வாரம் இரண்டு ரீல், மாதம் இரண்டு நீள வீடியோ. பார்க்கிறவர்கள் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை.

பணக் கணக்கைச் சொல்லாமல் விட்டால் இந்த எழுத்துக்கு மரியாதை இல்லை. யூடியூபில் நீள வீடியோ விளம்பரத்தில் 55 சதவீதம் நமக்கு, ஷார்ட்ஸில் நம் பார்வைக்கு ஒதுக்குகிற பங்கில் 45 சதவீதம். ஷார்ட்ஸில் ஒரு பாட்டுச் சேர்த்தால் அந்த வீடியோவின் வருமானத்தில் பாதி முதலிலேயே பாட்டு உரிமைக்குப் போய்விடும், அதனால் நான் சிரட்டைச் சத்தத்தையே வைத்துக்கொள்கிறேன். 10 டாலர் சேர்ந்ததும் வீட்டு முகவரிக்குத் தபாலில் ஒரு பின் எண் வரும். நான் பழைய வீட்டு எண்ணைக் கொடுத்துவிட்டு இரண்டு மாதம் தபால்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன். அமெரிக்க வரிப் படிவத்தை மறக்காமல் நிரப்புங்கள். விட்டால் மொத்த வருமானத்திலும் 24 சதவீதம் பிடிக்கலாம். பான் எண்ணோடு நிரப்பினால் அமெரிக்காவில் பார்த்த பங்குக்கு மட்டும் 15 சதவீதம். 100 டாலர் சேர்ந்தால்தான் வங்கிக்கு வரும். எனக்கு மாதச் சராசரி 1,900 ரூபாய், பத்துக் கிலோ ஷீட் விற்ற காசு.

2025 மார்ச் 31க்குப் பிறகு என் ஷார்ட்ஸ் பார்வைகள் திடீரென்று எகிறின. இரண்டு நாள் தலைகால் புரியவில்லை. வீடியோ ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை என்று எண்ணும் முறையை மாற்றியிருக்கிறார்கள், காசுக்குப் பழைய கணக்குத்தான் என்று பிறகுதான் தெரிந்தது.

உண்மையான வருமானம் 370 பேர் இருக்கிற வாட்ஸ்அப் சேனலில், தேன் விற்று. ரப்பர் இலை உதிர்ந்து, பிப்ரவரியில் தளிர் விடும்போது இலைக்காம்பில் தேன் சுரக்கும், பூவிலிருந்து அல்ல. எங்கள் மாவட்டத்துத் தேனில் பெரும்பங்கு அதுதான். வீட்டுக்காரி பன்னிரண்டு தேனீப் பெட்டி வைத்திருக்கிறாள். பெட்டி திறக்கிற வீடியோவை யூடியூபில் போட்டு, வேண்டியவர்கள் சேனலுக்கு வாருங்கள் என்றோம். உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு நாங்கள் எடுத்தபோது வருஷம் 100 ரூபாய்தான், அதை எடுக்காமல் ஒரு பாட்டில்கூட விற்காதீர்கள். போன சீசனில் எடுத்த தேன் ஏப்ரல் முடியுமுன் தீர்ந்தது. இடையில் ஒரு தேன் கம்பெனி, தங்கள் தேன் சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று நான் சொன்னால் 15,000 தருவதாக வந்தது. 2023இல் வந்த மத்திய அரசு வழிகாட்டுதலின்படி காசு வாங்கியதை வீடியோவிலேயே சொல்லியாக வேண்டும், பொய் விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம். அதைவிட, அம்மைக்கே சர்க்கரை. எப்படிச் சொல்ல?

புதிதாகத் தொடங்குகிறவர் நாலு இடத்திலும் கணக்கைத் திறந்து பெயரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் வேலையை ஓரிடத்தில் செய்யுங்கள். எனக்கு அது யூடியூபின் நீள வீடியோ, மற்றது எல்லாம் அதிலிருந்து சீவி எடுப்பது. ஓவியம், நடனம் மாதிரி பேச்சே தேவைப்படாத சரக்கு கையில் இருந்தால் ஒருவேளை தலைகீழாக இருக்கலாம்.

இன்று மழை, வெட்டு இல்லை. அந்த மலேசிய அம்மா போன வாரம் கத்தி தீட்டுவதைக் காட்டச் சொல்லியிருந்தார், கல்லை எடுத்து வைத்திருக்கிறேன். எங்கள் அம்மைக்கு நான் கமென்ட் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டுவேன். குந்திராண்டம் என்று திட்டியவள் இப்போது கேள்வி கேட்டு அனுப்புகிறாள். “அவளுக்க அம்மைக்கு எத்தன மரமாம்? கேளு” என்றாள். கேட்டேன். நேற்று ராத்திரி பதில் வந்தது: நானூறு.

“நானூறா? ஒத்தைக்கா?” என்றாள் அம்மை. அதையும் கேட்டு எழுதியிருக்கிறேன்.