கழுத்து வலிக்குக் கரண்ட்: டென்ஸா, ஐ.எஃப்.டி.யா?

மூன்று மாதங்களுக்கு மேல் விடாத கழுத்து வலியோடு பிசியோதெரபி மையத்துக்குப் போனால், பெரும்பாலும் கரண்ட் வைத்துவிடுவார்கள். பிடரியில் நான்கு பட்டைகளை ஒட்டி, குமிழைத் திருகி, எறும்பு ஊர்வது போல இருக்கிறதா என்று கேட்பார்கள். அது ஐ.எஃப்.டி., அதாவது இரு மின்னோட்டங்களைக் குறுக்கிட வைக்கும் இன்டர்ஃபெரென்ஷியல் தெரபி. தினமும் போய்வர அலுத்து, வீட்டுக்கே ஒன்று வாங்கலாம் என்று தேடினால் கிடைப்பது டென்ஸ், தோல் வழியே நரம்பைத் தூண்டும் சிறு மின்கருவி. பக்கத்திலேயே, ஏறக்குறைய அதே தோற்றத்தில், ஈ.எம்.எஸ். என்று மூன்றாவதும் இருக்கும்.

மூன்றாவதை முதலில் ஒதுக்கிவிடலாம். ஈ.எம்.எஸ். தசையைச் சுருங்க வைக்கும் கருவி. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பின் மெலிந்துபோன தொடைத் தசைக்கு அதனால் பயன் உண்டு. ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் கழுத்தை மேலும் சுருக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

டென்ஸுக்குப் பின்னால் ஒரு கோட்பாடு இருக்கிறது. ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் இருவரும் 1965-இல் முன்வைத்தது. தொடுதலையும் அதிர்வையும் சுமந்துவரும் தடித்த நரம்பிழைகள் தூண்டப்பட்டால், தண்டுவடத்திலுள்ள ஒரு வாயில் மெல்லிய இழைகளின் வலிச் செய்தியை மட்டுப்படுத்தும் என்பது அதன் சாரம். இடித்துக்கொண்ட இடத்தை நாம் அனிச்சையாகத் தேய்ப்பதும் இதனால்தான். கருவியை இரண்டு விதமாக வைக்கலாம். 80 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை, அதாவது நொடிக்கு அத்தனை துடிப்புகள், வைத்தால் சுகமான கூச்சம் இருக்கும். நிவாரணம் சீக்கிரம் வரும், நிறுத்தியதும் பெரும்பாலும் சீக்கிரமே போய்விடும். 2 முதல் 4 ஹெர்ட்ஸில் தசை துடிக்கும் அளவுக்கு வலுவாக வைத்தால், உடலின் சொந்த வலிநிவாரணியான எண்டார்ஃபின் சுரக்கத் தூண்டும் என்பார்கள். இது வேலை செய்ய நேரம் எடுக்கும், எல்லோருக்கும் தாங்காது. பலர் செய்யும் பிழை, கரண்டின் வலுவை மிகக் குறைத்து வைத்துவிட்டுக் கருவி பயனற்றது என்று முடிவு கட்டுவது. வலிக்காத, ஆனால் அழுத்தமாக உணரக்கூடிய அளவு வேண்டும்.

ஐ.எஃப்.டி.யின் கணக்கு வேறு. 4000 ஹெர்ட்ஸில் ஒரு மின்னோட்டம், 4100-இல் இன்னொன்று. இரண்டும் உடலுக்குள் குறுக்கிடும்போது 100 ஹெர்ட்ஸ் துடிப்பு பிறக்கிறது. உயர் அதிர்வெண்ணுக்குத் தோலின் தடை குறைவு, ஆகவே டென்ஸை விட ஆழமாகப் போகும் என்பதே இதை விற்கும் வாதம். தோலுக்கு இதமாக இருப்பது உண்மை. ஆழமாகப் போவதால் வலி கூடுதலாகக் குறையும் என்பது நிரூபணமாகவில்லை. தசை, எலும்பு வலிகள் குறித்து 2010-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, ஐ.எஃப்.டி. தனியாகக் கொடுக்கப்பட்டபோது, ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுக்கும் போலிச் சிகிச்சையை விஞ்சியதாகச் சொல்ல முடியவில்லை என்றது. பிற சிகிச்சைகளோடு சேர்த்தபோது பலன் தெரிந்தது.

டென்ஸும் மார்தட்டிக்கொள்ள முடியாது. நாள்பட்ட கழுத்து வலிக்கு அது உதவுமா என்று 2019-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 7 ஆய்வுகளை, 651 பேரின் தரவுகளை அலசியது. போலிக் கருவிக்கும் அதற்கும் வேறுபாடு இருப்பதாகச் சொல்லச் சான்று போதவில்லை. இருந்த சான்றின் தரமும் மிகக் குறைவு. சிகிச்சைகளுக்கு வழிகாட்டுதல் வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021-இல் இன்னும் கறாராக இருந்தது: வேறொரு நோயால் விளக்க முடியாத நாள்பட்ட வலிக்கு டென்ஸ், ஐ.எஃப்.டி. இரண்டையுமே கொடுக்க வேண்டாம், உடற்பயிற்சியைக் கொடுங்கள் என்றது.

பயிற்சிக்கு ஆதாரம் உண்டா? 2003-இல் பின்லாந்தில், கழுத்து வலியுள்ள 180 பெண் அலுவலக ஊழியர்களை ஓராண்டு கவனித்தார்கள். கழுத்துத் தசைகளை வலுவூட்டும் பயிற்சி செய்தவர்களில் 73 விழுக்காட்டினர் நல்ல முன்னேற்றம் அல்லது முழு நிவாரணம் கண்டார்கள். நீட்டிப் பயிற்சியும் நடை போன்ற பொதுப் பயிற்சியும் மட்டும் பரிந்துரைக்கப்பட்டவர்களில் அது 21 விழுக்காடு.

ஆகவே என் தேர்வு டென்ஸ்தான், ஆனால் சிகிச்சையாக அல்ல. வலி அடங்கியிருக்கும் அந்த அரை மணியில் பயிற்சியைச் செய்துவிடலாம் என்பதற்காக. அந்த வேலைக்கு வீட்டிலிருக்கும் சிறு கருவி போதும், ஐ.எஃப்.டி.க்காக ஆட்டோவில் குலுங்கிப் போய்வர வேண்டியதில்லை.

பட்டைகளைப் பிடரியின் இருபுறமும், தோள்பட்டைக்கு ஏறும் தசை மீதும் மட்டும் ஒட்டுங்கள். தொண்டைப் பக்கம் கூடவே கூடாது. அங்குள்ள தமனியைத் தூண்டினால் இரத்த அழுத்தம் திடீரென்று சரியலாம். பேஸ்மேக்கர் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், வலிப்பு நோயாளிகள் மருத்துவரிடம் கேட்காமல் தொடக்கூடாது. தூங்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் வேண்டாம். கை பலம் குறைந்தாலோ, நடை தடுமாறினாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ அது கரண்ட் வைக்கும் வலி அல்ல, உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டியது.

ஐ.எஃப்.டி.க்குப் போவதும் வீண் என்று சொல்லிவிட மாட்டேன். பட்டைகளைக் கழற்றிய பின் உங்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, தாடையை எப்படி உள்ளிழுப்பது, தோளை எப்படி வலுப்படுத்துவது என்று செய்யவைத்துத் திருத்துகிற மையம் கிடைத்தால் போங்கள். பத்து சிட்டிங்குக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு, இயந்திரத்தைப் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிடும் இடமென்றால் அந்தப் பணத்தில் டென்ஸே வாங்கிவிடலாம்.