ஆறு வாரப் பாடம், விடுபட்ட ஆறு வசனங்கள்

வேதாகமத்தின் புதிய ஏற்பாட்டிலுள்ள யாக்கோபு நிருபத்தின் (கடிதத்தின்) ஐந்தாம் அதிகாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஆறு வாரம் பாடம் நடத்தும் ஒரு பயிற்சிக் கையேட்டை எங்கள் ஜெபக்குழுவில் எட்டுப் பேர் சேர்ந்து முடித்தோம். குறை சொல்லப்போகிறேன், ஆகவே வெளியிட்டவர்களின் பெயரை எழுதவில்லை.

முதலில் கைக்குத் தெரிந்த விஷயம். சுருள்கம்பிக் கட்டு; மேசையில் மடங்காமல் விரிகிறது. ஆனால் தாள் மிக மெல்லியது. பேனாவால் எழுதினால் மை மறுபக்கம் ஊறிவிடும். இரண்டாம் வாரத்தில் நான் எழுதிய புலம்பல் மூன்றாம் வாரத்தின் வசனங்களுக்கு நடுவே இடவலம் மாறித் தெரிந்தது. பிறகு பென்சிலுக்கு மாறினேன்.

இனி உள்ளடக்கம். அதிகாரத்தில் இருப்பவை 20 வசனங்கள். முதல் ஆறும் ஐசுவரியவான்களை நோக்கியவை. அவற்றுக்குக் கையேடு ஒதுக்கியிருப்பது முன்னுரையில் ஒன்றரைப் பக்கம். ‘அக்காலத்து நிலவுடைமையாளர்களுக்குச் சொன்னது’ என்று கதவைச் சாத்திவிட்டு, முதல் வாரத்தை ஏழாம் வசனத்தில் தொடங்குகிறது. நீடிய பொறுமை, முன்மாரி, பின்மாரி, காத்திருக்கும் விவசாயி. அழகான வசனந்தான். ஆனால் நம் பழைய மொழிபெயர்ப்பில் அதன் முதல் சொல் ‘இப்படியிருக்க’. எப்படியிருக்க? அதற்கு விடை அந்த ஆறு வசனங்களில் இருக்கிறது.

அங்கே ஐசுவரியம் அழிகிறது, வஸ்திரத்தைப் பூச்சி அரிக்கிறது, பொன்னும் வெள்ளியும் துருப்பிடிக்கின்றன. பொன் துருப்பிடிக்காது என்று யாக்கோபுக்குத் தெரியாமலா இருக்கும்? அது துருப்பிடிக்கும் அளவுக்குக் கைபடாமல் பூட்டிக் கிடந்தது என்று குத்துகிறார். நான் அப்படித்தான் வாசிக்கிறேன். நான்காம் வசனத்தில் குற்றம் நேரடியாகவே வருகிறது. வயலை அறுத்தவர்களின் கூலி பிடித்துவைக்கப்பட்டிருக்கிறது, அந்தக் கூலியே கூக்குரலிடுகிறது. கவனியுங்கள், அறுப்பு முடிந்துவிட்டது. விளைச்சல் எஜமானிடம் வந்து சேர்ந்துவிட்டது. ‘வரவு இல்லை’ என்று அவர் சொல்ல வழியில்லை. ஏழைக் கூலியாளுக்குப் பொழுது சாய்வதற்குமுன் கூலி கொடு என்று பழைய ஏற்பாட்டில் உபாகமம் 24ஆம் அதிகாரம் சொல்வது இந்த வாசகர்களுக்குப் பழக்கமான கட்டளை. கையேட்டில் அதைப்பற்றி ஒரு வரிகூட இல்லை.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு சூடு என்றால், நான் ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதியவன். அங்கே நான்கு மாதச் சம்பளம் நின்றுபோனது. மாதாமாதம் சம்பளப் பட்டியலைத் தயாரித்தவன் நான். ‘நிகரத் தொகை’ என்ற பத்தி நிரம்பியிருக்கும், ‘வழங்கிய தேதி’ என்ற பத்தி வெறுமையாக இருக்கும். எனக்கும் வரவில்லை. ஆனாலும் முதலாளி சொன்னபடி மற்றவர்களிடம் போய்ப் பொறுமையாக இருக்கச் சொன்னேன். துப்புரவு வேலை பார்த்த அக்காவிடம் இதே ஏழாம் வசனத்தைச் சொன்னேன், விவசாயியும் மழையுமாக. அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்டார்: “மழை வானத்திலிருந்து வரவேண்டும், சரி. சம்பளம் மேல்மாடியிலிருந்துதானே சார் வரவேண்டும்?”

ஆக, இந்தக் கையேடு செய்வதை நான் ஏற்கெனவே செய்தவன்தான்.

மூன்றாம் வாரம் நன்றாக இருக்கிறது. கிரேக்கத்தில் இரண்டு சொற்கள் உள்ளதை எடுத்துக்காட்டுகிறார்கள். ஏழாம், எட்டாம் வசனங்களில் வருவது மக்ரோதூமியா, சீக்கிரம் கோபத்துக்கு இடம்கொடாத நீடிய பொறுமை. பதினோராம் வசனத்தில், பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து துன்பப்பட்ட யோபுவைச் சொல்லும்போது வருவது ஹுப்பொமொனே, பாரத்தின்கீழ் நிலைத்து நிற்பது. இதோடு நிறுத்தியிருக்கலாம். நான்காம் வாரத்தில் ‘கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்’ என்ற ஒரே வசனத்தோடு யோபுவை முடித்துவிடுகிறார்கள். யோபு புத்தகத்தின் மூன்றாம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளையே சபித்தவர் அவர்! கடவுளிடம் வழக்காடிக்கொண்டே நிலைத்து நின்றவரை யாக்கோபு உதாரணமாகக் காட்டியிருக்க, இவர்கள் அவருடைய வாயைக் கட்டிவிட்டார்கள். ‘என் பொறுமைக் குறைவு எது?’ என்று கேட்டு மூன்று கோடு போட்டிருக்கிறார்கள். குழுவில் ஒருவர் ‘பசி’ என்று எழுதினார்.

ஐந்தாம் வாரம், எலியா தீர்க்கதரிசியின் ஜெபம். கையேட்டிலேயே சிறந்த பகுதி இதுதான், இதற்காகவே வாங்கலாம். நம்மைப்போலப் பாடுள்ள மனுஷன் என்ற சொற்களைப் பிடித்துக்கொண்டு அவருடைய கதை வரும் 1 இராஜாக்கள் புத்தகத்துக்குப் போகிறார்கள். மழைக்காக முகத்தை முழங்கால்களுக்கு நடுவே வைத்துக் குனிந்திருக்கிறார் எலியா. வேலைக்காரனைக் கடலைப் பார்த்துவரச் சொல்கிறார். ஒன்றும் இல்லை என்கிறான். ஏழாவது முறைதான் மனுஷனுடைய உள்ளங்கை அளவு ஒரு மேகம். அடுத்த அதிகாரத்தில் அதே மனிதர் சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து சாவைக் கேட்கிறார். அந்த வேண்டுதலுக்கு வந்த பதில் உறக்கமும் அப்பமும் தண்ணீரும். இதை அவசரப்படாமல், உபதேசம் பண்ணாமல் எழுதியிருக்கிறார்கள். நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிப்பதைப் பற்றிய அரைப் பக்கம் அவ்வளவு முக்கியமில்லை.

வாங்குபவர்களுக்கு ஒரு யோசனை: முதல் வாரத்தைத் தள்ளிவைத்துவிட்டு, உங்கள் வேதாகமத்திலேயே முதல் ஆறு வசனங்களை உரக்க வாசித்துத் தொடங்குங்கள். குழுவில் சம்பளம் வாங்குபவரும் கொடுப்பவரும் இருந்தால் இன்னும் நல்லது.

ஆறாம் வாரத்தில் ஒரு பயிற்சி. ‘உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள்’ என்பதை வைத்து, நாம் யாருக்குத் தவறு இழைத்தோமோ அவரிடமே பேசச் சொல்கிறது. இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். பிறகு அந்த அக்காவை அழைத்து, அன்று அந்த வசனத்தை உங்களிடம் சொன்னது தவறு என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “எனக்கு மொத்தம் எவ்வளவு வரவேண்டும் சார்?” என்றார். பட்டியலின் நகல் என்னிடம் இருந்தது. எடுத்துச் சொன்னேன்.

“இரண்டாவது மாதம் ஞாயிற்றுக்கிழமை இரண்டு நாள் வந்தேனே, அது சேர்ந்ததா?”

பார்த்தேன். சேரவில்லை. கையேட்டின் அந்தப் பக்கத்திலிருந்த மூன்று கோட்டில் பென்சிலால் கூட்டிப்போட்டு, சரியான தொகையைத் திரும்பச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.