தோட்டத்தில் குட்டை வெட்ட ஆப்பில் ஆள் பிடிக்கிறீர்களா? என் 38,500 ரூபாயைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்

38,500 ரூபாய். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வீட்டில் இன்னும் முழுத் தொகையைச் சொல்லவில்லை, எங்காவது சொன்னால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

நாங்கள் இருப்பது கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காடு ஜில்லா என்றதும் எல்லாரும் மழை கொட்டும் என்று நினைப்பார்கள். எங்கள் கிழக்குப் பக்கத்தில் மழை பேருக்குத்தான், பொள்ளாச்சிக்காரர்களுக்குத் தெரியும். பழைய மாட்டுக்கொட்டகையைப் பிரித்த இடம் சும்மா கிடந்தது. அதில் 12 அடிக்கு 8 அடி, நடுவில் மூன்றடி ஆழம், ஒரு பக்கம் மட்டும் படிப்படியாகச் சரிவு, இப்படி ஒரு குட்டை வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. மீன் வளர்க்க அல்ல. தவளை, தட்டான், தண்ணீர் குடிக்க வரும் குருவிக்காக. அணில் தவறி விழுந்தால் ஏறி வரத்தான் அந்தச் சரிவு. "குழிக்குக் காசா?" என்றார் அத்தை. அன்றைக்கே கேட்டிருக்கலாம்.

வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு ஆப் வழியாகத்தான் பிடித்தேன். பெயர் சொல்லப் போவதில்லை, கேட்காதீர்கள். இடம் பார்க்க வந்த மேஸ்திரி பேசிய பேச்சில்தான் நான் விழுந்தேன். "அக்கா, மீன் மட்டும் விட்றாதீங்க, தலைப்பிரட்டையெல்லாம் தின்னுரும். தவளைய நீங்க தேட வேண்டாம், தண்ணி இருந்தா அதுவே வந்துரும்." புளியமரத்தடி வேண்டாம், இலை விழுந்து அழுகும், தண்ணீர் மண்ணில் இறங்காமல் இருக்கக் குழியில் விரிக்கும் ஷீட்டை வேர் குத்தும் என்றான். கொசு வருமே என்று கேட்டேன், தட்டான் முட்டையிட்டால் அதன் புழு கொசுப்புழுவைத் தின்றுவிடும் என்றான். அத்தனையும் சரி! நான் ஆறு மாதமாகப் படித்து வைத்திருந்ததை ஒருத்தன் வாசலில் நின்றபடி ஒப்பித்தால் நம்பாமல் என்ன செய்வது? தெரியாதவன் ஏமாற்றினால்கூட மனசு ஆறும். இவனுக்கு எல்லாம் தெரியும், தெரிந்தேதான் செய்தான்.

பேசியது இது: பண்ணைக்குட்டைக்குப் போடும் 500 மைக்ரான் கறுப்பு ஷீட், 20 அடிக்கு 16 அடி. நீளத்தோடு ஆழத்தை இரண்டு தடவை கூட்டி, கரையில் மடித்துப் புதைக்க இரண்டடி, அகலத்துக்கும் அப்படியே. அடியில் இரண்டு இஞ்ச் மணல். அட்வான்ஸ் 20,000, முடிந்ததும் 18,500. கூட்டினால் அதே 38,500.

குழி வெட்டியது நன்றாகத்தான் வெட்டினார்கள், பொய் சொல்லக் கூடாது. மூன்றாம் நாள் சாயங்காலம் ஷீட் விரித்தபோது நான் உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே வந்தால் கரையில் மண் மூடி, கல் அடுக்கி, பார்க்க அவ்வளவு அழகு. "அக்கா, பொள்ளாச்சி பஸ் ஆறரைக்கு. அந்த ஓடிபிய மட்டும் சொல்லிருங்க, பசங்க கிளம்பணும்." தண்ணீர் இன்னும் ஒரு சொட்டு விடவில்லை. வேலை முடிந்தது என்று ஆப்பில் பதிய என் போனுக்கு வந்த அந்த நாலு எண்ணையும் சொன்னேன், 18,500-ஐயும் அங்கேயே அனுப்பினேன். பசங்க பாவம், பஸ் போய்விடுமே என்று. பஸ் போயிருந்தால் நம் வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதானே!

மறுநாள் காலை நிரப்பினேன். அதற்கடுத்த நாள் ஒரு ஜாண் குறைந்திருந்தது. வெயிலுக்கு வற்றுவது நாளைக்கு அரை சென்டிமீட்டர், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது கொஞ்சம் கூட இருக்கும், ஒரு ஜாண் எந்த வெயிலுக்கும் வற்றாது. கரைக் கல்லை எடுத்து விளிம்பைப் பிரித்தேன். நூல் நூலாக வந்தது. ஷீட் என்றால் ரெக்சின் மாதிரி ஒரே பாளமாக இருக்க வேண்டும், நூல் வரவே கூடாது. இது லாரிக்கு மேலே கட்டும் தார்ப்பாய், மேல்பக்கம் கறுப்பு, அடியில் நீலம். அளந்தால் 18-க்கு 12. அகலத்தில் நாலடி குறைவு என்பதால் ஒரு பக்கம் கரை வரைக்கும் வரவே இல்லை. அடியில் மணலும் இல்லை. கையை விட்டுத் தடவினால் கொட்டகையின் உடைந்த ஓட்டுச் சில்லு ஒன்று, முனை மேலே பார்த்தபடி.

போன் செய்தால் முதலில் "மண்ணு செட் ஆகணும்க்கா, ரெண்டு மழை பெய்யட்டும்." அப்புறம் "ஞாயித்துக்கிழமை வர்றேன்." மூன்று ஞாயிறு போயிற்று. இப்போது ரிங் போகிறது, எடுப்பதில்லை. ஆப்பில் புகார் கொடுத்தால் அரை மணி நேரத்தில் குளோஸ் ஆகிறது. நாலாவது தடவை ஒரு பெண் பேசினார், "மேடம், வேலை திருப்தி என்றுதானே ஓடிபி கொடுத்தீர்கள்?" பில் கேட்டதற்கு வந்தது ஒரு துண்டுச் சீட்டு, அதில் "ஷீட் 1" என்று மட்டும். 38,500 ரூபாய்க்கு "ஷீட் 1".

இன்னொன்று மறந்துவிட்டேன். "செடி ப்ரீ அக்கா" என்று ஒரு கவரைக் கொடுத்துவிட்டுப் போனான், நானும் நன்றி சொல்லி வாங்கி மிதக்கவிட்டேன். அத்தை பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். ஆப்பிரிக்கன் பாயல். கேரளா முழுக்க வயலையும் வாய்க்காலையும் மூடிய சனியன். ஒன்று விடாமல் அரித்து எடுத்து, வெயிலில் காயப்போட்டுப் புதைத்தேன். தப்பித்தவறி வாய்க்காலில் கொட்டிவிடாதீர்கள். அல்லி, கோரை, வசம்பு போதும், பக்கத்துக் குளத்திலேயே கிடைக்கும்.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. ஷீட்டை நீங்களே கடையில் பில்லோடு வாங்குங்கள். விரிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள், டீ அப்புறம் போடலாம். தண்ணீர் நிரப்பி மூன்று நாள் பார்க்காமல் ஓடிபியும் கிடையாது, பாக்கிப் பணமும் கிடையாது. நான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்து வைத்திருக்கிறேன், பார்ப்போம்.

தார்ப்பாயைப் பிடுங்கி எறியலாம் என்று நேற்று மண்வெட்டியோடு போனேன். அடியில் நின்ற ஒரு ஜாண் தண்ணீரில் தவளை முட்டையிட்டிருக்கிறது, கறுப்புப் புள்ளி புள்ளியாக. அந்தப் பாவி சொன்ன மாதிரியே அதுவே வந்துவிட்டது. இப்போது குளோரின் போக முந்தின நாளே பிடித்து வைத்த தண்ணீரைக் காலையும் மாலையும் எட்டெட்டுக் குடம் ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.