கிறித்தவமா, விக்காவா?

சபையை விட்டு, இயற்கையைப் போற்றும் நவீன மதமான விக்காவுக்குப் போகலாமா என்று யோசிக்கிறீர்களா? முதலில் வேறுபாடு. கிறித்தவத்தில் கடவுள் ஒருவர். பாவம், மீட்பு, பைபிள் எல்லாம் அவரைச் சுற்றியே. விக்காவில் பெரும்பாலும் ஒரு தேவி, கொம்புடைய ஒரு தேவன். பொதுவான வேதநூல் கிடையாது. 'யாருக்கும் தீங்கின்றி விரும்பியதைச் செய்' என்பதே முக்கிய நெறி. கேட்க எளிது, ஒவ்வொரு முடிவையும் நீங்களே எடைபோட வேண்டுமே! (விக்கா என்றால் சாத்தான் வழிபாடு என்பது வீண்பழி. சாத்தான் கிறித்தவக் கதையில் வருபவன்.)

பழமையைத் தேடுகிறவர்கள் கவனிக்க: விக்கா 1950களில் இங்கிலாந்தில் ஜெரால்ட் கார்ட்னர் வெளியுலகுக்குக் கொண்டுவந்த மதம்.

சபையை விட்டால் பெரிய இழப்பு ஞாயிற்றுக்கிழமைதான் என்பேன். சேர்ந்து பாடும் பாட்டு, நோயில் வந்து நிற்கும் ஆட்கள். விக்காவில் பலர் தனியாகவே வழிபடுகிறார்கள். ஆண்டுக்கு 8 பருவ விழாக்கள் உண்டு.

சரி, கோபத்தில் விலக நினைக்கிறீர்கள் என்றால், அந்தக் கோபம் சபைமீதா, கடவுள்மீதா? சபைமீது என்றால் முதலில் வேறு சபைக்குப் போய்ப் பார்க்கலாம். அவசரம் வேண்டாம்: விக்கா குழுக்கள் பலவற்றில்கூட தீட்சைக்கு முன் ஓராண்டும் ஒரு நாளும் பயில்வது வழக்கம்.